ஃபெல்டிங்: தவறு நடப்பது ஓரிடம், தெரிவது வேறிடம்

கம்பளி இழைகளை நூற்காமல், நெய்யாமல், அப்படியே ஒன்றோடொன்று சிக்கவைத்துத் துணியாகவோ பொம்மையாகவோ படமாகவோ ஆக்குவதுதான் ஃபெல்டிங். வெந்நீரும் சோப்பும் வைத்துச் செய்வது ஒரு வகை. காய்ந்த கம்பளியை ஊசியால் குத்திக் குத்தி உருவம் கொண்டுவருவது இன்னொரு வகை. வீடியோவில் பார்த்தால் இரண்டையும் குழந்தைகூடச் செய்துவிடும்போல இருக்கும். உட்கார்ந்து செய்தால்தான் கஷ்டம் புரியும். பின்னலில் ஒரு கண்ணி தப்பினால் பிரித்துவிட்டு மறுபடி போடலாம்; ஃபெல்டைப் பிரிக்க முடியாது. அதைவிடக் கொடுமை, தவறு நடப்பது பெரும்பாலும் வேலையின் தொடக்கத்தில், அது கண்ணில் படுவதோ எல்லாம் முடிந்து காய்ந்த பிறகு. அதனால்தான் பலரும் கடைசிக் கட்டத்தைக் குறைசொல்லிவிட்டு, முதல் கட்டத்தில் செய்த அதே தப்பை மறுபடியும் செய்கிறார்கள்.

ஏன் பிரிக்க முடியாது? கம்பளி இழையின் மேல் மீன் செதில் போல நுண்ணிய அடுக்குகள் இருக்கின்றன. எல்லாம் நுனியைப் பார்த்தே சாய்ந்திருக்கும். ஈரத்தில், சோப்பின் வழுக்கலில் தேய்க்கும்போது ஒவ்வோர் இழையும் வேர்ப்பக்கமாக மட்டும் நகரும், திரும்பி வர அந்தச் செதில்கள் விடாது. ஊசி முறையில் இந்த இழுவையை ஊசியின் ஓரத்தில் உள்ள சின்னச் சின்ன வெட்டுகள் செய்கின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் தவறுகளில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

முதல் தவறு கடையிலேயே நடந்துவிடுகிறது. ‘மெஷினில் துவைக்கலாம்’ என்று எழுதியிருக்கும் கம்பளியை வாங்கினால் எவ்வளவு தேய்த்தாலும் அது சேராது. குளோரின் கொண்டு செதில்களை மழுக்கி, மேலே பாலிமர் பூசித்தான் அதை அப்படி ஆக்குகிறார்கள். துவைக்கும்போது சுருங்கக் கூடாது என்பதே அதன் நோக்கம்; நமக்கோ சுருங்கினால்தான் வேலை. அக்ரிலிக்கும் ஈர முறையில் சேராது. சஃபோக், சவுத்டவுன் போன்ற ஆட்டினங்களின் கம்பளி சுத்தமான கம்பளிதான், ஆனால் அது இயல்பிலேயே ஃபெல்ட் ஆக மறுக்கும்.

மெரினோ என்ற ஆட்டினத்தின் கம்பளி விஷயத்தில் நடப்பது வேறு. மென்மையானது, நிறங்கள் அழகு, எனவே எல்லாவற்றுக்கும் அதையே வாங்கிவிடுகிறார்கள். ஈர முறைக்கு அது அருமை. ஊசியால் பொம்மை செய்யவோ ரொம்பச் சோதிக்கும். இழை மெலிது, சீவி ஒரே திசையில் படுக்கவைத்தது, ஊசிக்குச் சிக்காமல் நழுவும். குத்திய துளைகள் எல்லாம் மேலே தெரியும். பொம்மைக்குக் காரிடேல் போன்ற சற்றே முரட்டுக் கம்பளி, அதுவும் இழைகள் பல திசையில் கலந்து கிடக்கும் பஞ்சுத் தாளாக வருவது, பாதி நேரத்தில் இறுகிவிடும். உள்ளே வைக்கச் சாயமேற்றாத மலிவான கம்பளியே போதும். நிறக் கம்பளியை மேல்தோலுக்கு மட்டும் போர்த்தினால் சரி.

ஈர முறையில் அதிகம் சொதப்புவது அடுக்கும்போதுதான். கம்பளிப் பட்டையைக் கத்தரியால் வெட்டக் கூடாது, வெட்டிய ஓரம் கோடாக நின்றுவிடும். இரண்டு கைகளையும் நன்றாகத் தள்ளிப் பிடித்து, நுனியிலிருந்து புகைபோல ஒரு மெல்லிய கொத்தை உருவ வேண்டும். முதல் அடுக்கு குறுக்கே என்றால் அடுத்தது நெடுக்கே. தடிமனாக ஓர் அடுக்கு போட்டு முடித்துவிடலாம் என்று தோன்றும். மெல்லிய மூன்று அடுக்குகள் அதைவிட உறுதி. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும் ஓட்டைகள் எல்லாமே இந்தக் கட்டத்தில் பிறந்தவை. பின்னால் தேய்த்து அவற்றை மூட முடியாது, இன்னும் பெரிதாகத்தான் ஆகும்.

அப்புறம் தண்ணீர். கம்பளி மிதக்கும் அளவுக்கு ஊற்றினால் இழைகள் விலகிவிடும். உள்ளங்கையால் அழுத்தினால் காற்று வெளியேறித் தட்டையாகப் படியும் அளவு ஈரம் போதும். சோப்பு குறைந்தால் கை கம்பளியைப் பற்றி இழுக்கும். அதிகமானால் நுரை நடுவில் நின்றுகொண்டு உராய்வையே தடுத்துவிடும். உடனே பலமாகத் தேய்ப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பாவம். மேலே வைத்த பூ, கோடு, இலை எல்லாம் இடம்பெயர்ந்துவிடும். முதலில் ஒரு வலையைப் போர்த்தி, அதன் மேல் விரல்கள் வழுக்கிப் போகும் அளவுக்கு மட்டும் தேய்க்க வேண்டும். இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். தனி இழை எழுந்து வந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். முழுப்பரப்பும் சேர்ந்து எழுந்தால், பாயில் சுருட்டி உருட்டிச் சுருக்கலாம். பட்டுத் துணியில் கம்பளி சேர்க்கும் நூனோ முறைக்கும் இதுதான் விதி. இழை துணியைத் துளைத்து மறுபக்கம் எட்டிப்பார்க்கும் முன் சுருக்கத் தொடங்கினால், காய்ந்ததும் கம்பளி தனியாக உரிந்து வந்துவிடும்.

உருட்டும்போது எந்தத் திசையில் உருட்டுகிறோமோ அந்தத் திசையில்தான் அதிகம் சுருங்கும். திருப்பித் திருப்பி வைக்காவிட்டால் சதுரமாகத் தொடங்கியது நீள்சதுரமாக முடியும்.

இனிக் கணக்கு. இதில் தவறுபவர்கள் நிறையப் பேர். மாதிரித் துண்டு ஒன்றை 30 செ.மீ. சதுரமாக அடுக்கிச் செய்தீர்கள், முடிவில் அது 20 செ.மீ. ஆனது என்று வைத்துக்கொள்வோம். சுருக்கம் மூன்றில் ஒரு பங்கு. இப்போது 24 செ.மீ. வேண்டுமென்றால், அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டி 32 செ.மீ. அடுக்கிவிடுகிறார்கள். அது 21 செ.மீ. சொச்சத்தில் நின்றுவிடும். கூட்டக் கூடாது, வகுக்க வேண்டும். 24-ஐ மூன்றில் இரண்டால் வகுத்தால் 36. தொப்பி, பை, செருப்பு எதற்கும், கம்பளியை அடுக்குவதற்கு வெட்டும் அச்சு இப்படி வகுத்து வந்த அளவில்தான் இருக்க வேண்டும். மாதிரித் துண்டையே தவிர்ப்பவர்களிடம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தொப்பி பொம்மைக்குத்தான் பொருந்தும்.

ஊசிக்கு வருவோம். எண் கூடக் கூட ஊசி மெலியும். உருவம் பிடிக்க 36, பொது வேலைக்கு 38, மேற்பரப்பை வழவழப்பாக்க 40. ஒரே ஊசியில் எல்லாம் செய்யப் பார்த்தால் ஒன்று மாய்ந்துபோவோம், அல்லது பொம்மை துளை துளையாக நிற்கும். ஊசி உடைவது பலம் போதாமல் அல்ல. உள்ளே போன கோணத்திலேயே வெளியே எடுக்காமல், குத்தியபடி கையைத் திருப்புவதால் உடைகிறது. கம்பளியை நகர்த்தவோ நெம்பவோ ஊசியைப் பயன்படுத்தாதீர்கள், அதற்கு விரல் இருக்கிறது. விரலுக்குத் தோலுறை இருக்கட்டும். கண் டிவியில் இருக்கும்போது குத்தவே வேண்டாம்.

பொம்மை கொழகொழவென்று நின்றால் உள்கரு இறுகாததே காரணம். மேலே இன்னும் கம்பளி சுற்றினால் பொம்மை பெரிதாகுமே தவிர இறுகாது. கை, கால், காது செய்யும்போது உடலோடு சேரும் முனையை மட்டும் குத்தாமல் பஞ்சாகவே விட்டுவைக்க வேண்டும். அந்தத் தளர்ந்த இழைகள்தான் பசையின் வேலையைச் செய்யும். அப்புறம், வேலையை அடிக்கடி திருப்பி எடுங்கள். ஒரே பக்கம் குத்தினால் பொம்மை தட்டையாவதோடு, அடியில் வைத்திருக்கும் ஃபோம் மெத்தையோடும் சேர்ந்துவிடும்.

இவ்வளவு எரிச்சலுக்கும் ஈடாக என்ன கிடைக்கிறது என்று கேட்பீர்கள். நழுவிக்கொண்டே இருந்த ஈரக் கம்பளி கைக்கடியில் ஒரே தோலாக இறுகும் அந்தக் கணம் இருக்கிறதே, அதற்காகவே மறுபடி உட்காரத் தோன்றும். மத்திய ஆசியாவின் கிர்கிஸ் மக்கள் ஃபெல்டில் செய்யும் ஷிர்டாக் விரிப்புகளை 2012-இல் யுனெஸ்கோ அவசரமாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. சைபீரியாவின் அல்தாய் மலையில், பசிரிக் என்ற இடத்தின் பழங்காலக் கல்லறைகளில் கிடைத்த ஃபெல்ட் அன்னங்கள் இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் பழையவை, இன்னும் உருக்குலையவில்லை.

அவை உறைபனிக்குள் கிடந்ததால் தப்பின. நம் அலமாரியில் அந்த வசதி இல்லை, அந்துப்பூச்சியின் புழுவுக்குக் கம்பளி என்றால் விருந்து. சோப்பு நன்றாகப் போகும்வரை அலசுங்கள், கடைசித் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விடலாம். சோப்பின் காரம் தங்கினால் இழை நாளடைவில் நொறுங்கும். முழுக்கக் காய்ந்த பிறகே மூடி வையுங்கள். பூச்சி அரித்த தடம் தெரிந்தால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையை உடனே பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்முன் பிரித்தால் ஈரம் கம்பளியில் இறங்கிவிடும்.