பாட்டுக் கேட்டு மொழி படிக்கிறீர்களா? இந்தத் தவறுகளை விடாதீர்கள்

கலியாண வீடு, பிறந்தநாள், பள்ளிக்கூடச் சுற்றுலா பஸ் என்று எங்கே பாட்டுப் போட்டாலும் 'சுராங்கனி' வராமல் போகாது. சிலோன் மனோகர் பாடிப் பரப்பிய அந்தப் பாட்டை எங்கள் பக்கத்தில் ஐந்து வயதுப் பிள்ளையும் பாடும், அப்பப்பாவும் பாடுவார். அதில் வரும் "மாலு கண்ணாவா" என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் சிரித்துச் சமாளிப்பார்கள். உண்மையில் அது சிங்களத்தில் "மாலு கெனாவா". மீன் கொண்டுவந்தாச்சு, அவ்வளவுதான். பேக்கரியில் மாலு பாண் வாங்கித் தின்கிற அதே வாய்தான் இதையும் பாடுகிறது. ஆனால் அந்த மாலுவும் இந்த மாலுவும் ஒன்றென்று பலருக்குத் தோன்றியதே இல்லை.

பாட்டுக் கேட்டால் மொழி தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தப் பாட்டுத்தான் நினைவுக்கு வரும். தானாக வருவதென்றால் இவ்வளவு காலத்தில் நாங்கள் எல்லோரும் சிங்களத்தில் வெளுத்து வாங்கியிருக்க வேண்டும்.

வன்னியில் இப்போது வீட்டுக்கு வீடு ஒரு மொழி ஓடுகிறது. ஒரு வீட்டில் தம்பி கொரியாவுக்குப் போகச் சோதினைக்குப் படிக்கிறான். அடுத்த வீட்டில் பிரெஞ்சு. எங்கள் வீட்டில் ஜேர்மன், ஏனென்றால் தங்கச்சியின் கணவர் அங்கே இருக்கிறார். 2007இலிருந்து ஜேர்மனியில் இருக்கும் கணவனோடோ மனைவியோடோ போய்ச் சேர விரும்புகிறவர்களில் பெரும்பாலானோர், விசா கிடைக்கும் முன்பே ஏ1 அளவுக்கு, அதாவது ஆகத் தொடக்க நிலைக்கு, மொழி தெரியும் என்று காட்ட வேண்டும். தங்கச்சி தர்மபுரத்தில் பஸ் ஏறி, பரந்தன் வந்து, கிளிநொச்சியில் வகுப்புக்குப் போகும் வழியெல்லாம் காதில் ஹெட்செட்டோடு ஜேர்மன் பாட்டுக் கேட்டாள். மூன்று மாதம். பத்துப் பன்னிரண்டு பாட்டுகளின் மெட்டு தலைகீழாகத் தெரியும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "எனக்குத் தண்ணி வேணும் எண்டு ஜேர்மனில சொல்லு பாப்பம்" என்றேன். முழித்தாள்.

முதல் தவறு இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். காதில் ஓடுவதைப் படிப்பென்று நினைத்துவிடுகிறோம். பஸ் ஜன்னலால் பார்த்துக்கொண்டு, ரிக்கெட் எடுத்துக்கொண்டு, இடையில் வட்சப்பும் பார்த்துக்கொண்டு கேட்கிற பாட்டு, மழை ஓட்டில் விழுந்து வழிவது மாதிரி வழிந்துவிடும். மெட்டு மட்டும் தங்கும்.

அதற்காகப் பாட்டு உதவாது என்று சொல்ல வரவில்லை. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 60 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, அவர்களுக்கு முன்பின் தெரியாத ஹங்கேரிய மொழி வசனங்களைக் கால் மணிநேரம் படிப்பித்துப் பார்த்தார்கள். ஒரு குழு கேட்டதைப் பேச்சாகவே திருப்பிச் சொன்னது. இன்னொன்று தாளத்தோடு சொன்னது. மூன்றாவது பாடியது. பிறகு வைத்த சோதனைகளில் ஹங்கேரிய வசனங்களை நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதில் பாடிய குழுதான் முன்னுக்கு நின்றது. இந்த ஆய்வைக் காட்டித்தான் "பாட்டுக் கேளுங்கள், மொழி வரும்" என்று பலரும் சொல்கிறார்கள். ஆனால் அந்த மூன்றாவது குழு கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு வசனத்தையும் வாய்விட்டுத் திருப்பிப் பாடியது.

பஸ்ஸில் பாட வெட்கமாக இருக்கும், சரி. கிணற்றடியில் பாடலாம். வயல் வரம்பில் பாடலாம், மயிலைத் தவிர அங்கே யார் கேட்கப்போகிறார்கள்? அருவி வெட்டுக் காலத்தில் எங்கள் ஆட்கள் பாடிக்கொண்டே வேலை செய்தவர்கள்தானே.

அடுத்தது கொப்பி. பாட்டு வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் பாடமாக்குவது. இதை நானும் செய்திருக்கிறேன், எல்லோரும் செய்கிறார்கள், அதனால்தான் கொஞ்சம் நின்று சொல்கிறேன். தமிழ் எழுத்து தமிழுக்கு அளந்து தைத்த சட்டை. பிறமொழிக்குப் போட்டால் சில இடத்தில் தொங்கும், சில இடத்தில் கிழியும். பிரெஞ்சில் மீனுக்கு ஒரு சொல், நஞ்சுக்கு ஒரு சொல். இரண்டையும் தமிழில் எழுதினால் 'புவாசோன்' என்றுதான் எழுதுவோம். மீனில் வருவது பாம்பு சீறுகிற மாதிரி 'ஸ்'. நஞ்சில் வருவது வண்டு இரைகிற மாதிரி, தொண்டை அதிர்கிற ஒலி. கொப்பியில் அந்த வித்தியாசமே இல்லை. முல்லைத்தீவில் கடலோடு வளர்ந்த ஒருவர் பாரிஸில் மீன் கடையில் போய் நஞ்சு ஒரு கிலோ கேட்டால் எப்படியிருக்கும்? பாணும் குளிப்பும் அப்படித்தான். ஒன்று 'பல்'லில் வரும் ப, மற்றது 'பஸ்'ஸில் வரும் ப. தமிழில் எழுதினால் இரண்டும் 'பேன்' ஆகிவிடும். அந்தப் 'பேன்' எங்கள் தலையில் இருப்பது. மூக்கால் வர வேண்டிய ஒலியும் அதில் தொலைந்துபோகும்.

கொரிய மொழி படிக்கிறவர்கள் இந்தத் தவறை விட ஒரு நியாயமும் இல்லை. அவர்களுடைய எழுத்து 1443இல் செயோங் மன்னர் உருவாக்கி 1446இல் வெளியிட்டது. சாதாரண சனம் சுலபமாகப் படிக்க வேண்டும் என்றே செய்தது. அடிப்படை எழுத்துகள் 24. தமிழில் 247ஐ ஏடு தொடக்கிப் படித்து முடித்தவர்களுக்கு இது ஒரு வாரத்து வேலை. அவர்களுடைய 'க' எங்கள் 'க' மாதிரியே சொல்லின் முதலில் வன்மையாகவும், உயிர்களுக்கு நடுவில் வந்தால் மெலிந்தும் ஒலிக்கும். அதைப் பார்த்ததும் "அட, எங்கட மொழிதானே" என்று தோன்றும். அங்கேதான் சறுக்கும். காற்றை விட்டுச் சொல்கிற க ஒன்றும், இறுக்கிப் பிடித்துச் சொல்கிற க ஒன்றும் தனியாக இருக்கின்றன. தமிழில் எழுதிய கொப்பியில் மூன்றும் ஒரே க.

கொப்பியோடு ஒட்டிய இன்னொரு சங்கதி, ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பிடிபடாமல் போவது. 'மாலு கண்ணாவா' பிறந்ததும் இப்படித்தான். அறியாத ஒலி காதில் விழுந்தால், தனக்குத் தெரிந்த சொல்லாக அதை மாற்றிக்கொள்வது காதின் குணம். நன்னூல் "உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே" என்கிறதே, அது தமிழில் மட்டும் நடக்கிற காரியமில்லை. பிரெஞ்சில் 'லே', 'அமி' என்று தனித்தனியாக இருக்கும் சொற்கள் சேர்ந்தால் நடுவில் ஒரு ஒலி எழுந்து வந்து 'லேஸமி' ஆகும். கொரிய மொழியிலும் முன் சொல்லின் மெய் பின்னால் வரும் உயிரில் போய் ஏறும். எனவே பாட்டை இரண்டு மூன்று தரம் வரி பார்க்காமல் கேளுங்கள். பிறகு அந்த மொழியின் சொந்த எழுத்தில் வரியை வைத்துக்கொண்டு கேளுங்கள். நீங்கள் நினைத்ததும் அங்கே இருப்பதும் எங்கே பிசகுகிறது என்று பார்ப்பதுதான் படிப்பு. யூரியூப்பில் வேகத்தை 0.75க்குக் குறைத்தால் ஒட்டிக்கிடக்கும் இடங்கள் கொஞ்சம் அவிழும். தானாக ஓடும் எழுத்துகளை மட்டும் நம்ப வேண்டாம். பாட்டென்று வந்தால் இயந்திரத்துக்கும் மாலு கண்ணாவாதான்.

இனி, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற தவறு. பாட்டில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பார்க்காமல் அந்த வசனத்தைத் தூக்கிக்கொண்டு போவது.

சினிமாப் பாட்டில் காதலன் காதலியை 'நீ' என்பான், 'வா' என்பான். அதைக் கேட்டுத் தமிழ் படித்த ஒரு வெள்ளைக்காரர் எங்கள் கிராம சேவையாளரிடம் போய் "நீ எப்போது வருவாய், உனக்காகக் காத்திருக்கிறேன்" என்று சொன்னால் அவர் முகம் எப்படிப் போகும்? இதையேதான் நாங்கள் அங்கே போய்ச் செய்கிறோம். கொரியப் பாட்டுகளில் 'நோ' என்று அடிக்கடி வரும். நீ என்று அர்த்தம். 'நா' என்றால் நான். நம் சொற்களுக்குக் கிட்ட இருப்பதால் முதல் நாளே மனதில் ஒட்டிவிடும். ஆனால் அந்த நோவைத் தொழிற்சாலை மேற்பார்வையாளரிடம் சொன்னால் வேலைக்கே வினை. தன்னைச் சொல்வதற்கும் பணிவான சொல் வேறு, 'ஜோ'. வினையின் வாலில் 'யோ' சேர்ந்தால்தான் மரியாதை. பாட்டில் வரும் 'சராங்ஹே'க்கும் மரியாதையான 'சராங்ஹேயோ'வுக்கும் உள்ள அந்த ஒரு எழுத்துத்தான் 'வா'வுக்கும் 'வாங்கோ'வுக்கும் உள்ள தூரம். பிரெஞ்சில் 'து', 'வூ'. ஜேர்மனில் 'டூ', 'ஸீ'. காதல் பாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு இடத்தில் வருவது முதலாவது. வேலைக் கந்தோரில், டொக்டரிடம், வீட்டுக்காரரிடம் வேண்டியது இரண்டாவது.

இதற்கு நல்ல பயிற்சி ஒன்று உண்டு. பாட்டின் ஒரு வரியை எடுத்து, ஆளை மாற்றுங்கள். 'நீ எங்கே இருக்கிறாய்' என்று பாடுகிறாரா? அதை அம்மம்மாவிடம் கேட்பது போல் மாற்றுங்கள், பிறகு அதிகாரியிடம் கேட்பது போல். ஒரு வரி மூன்று வசனமாகும்.

சிங்களம் வெளிநாட்டு மொழியில்லைத்தான், ஆனாலும் இந்த இடத்தில் அதைச் சொல்லாமல் விட முடியாது. எங்களைப் போலவே அவர்களுக்கும் எழுத்து மொழி வேறு, பேச்சு மொழி வேறு. மெல்லிசைப் பாட்டுகளில் பெரும்பாலும் எழுத்து மொழி. பாட்டில் 'ஒப' என்று வருவது பேச்சில் 'ஒயா'. 'மம யமி' என்பது ஏட்டில். வாயில் 'மம யனவா'. பாட்டிலிருந்து படித்ததைக் கடையில் பேசினால், கோவலன் கூத்தில் வரும் விருத்தத்தில் மீன் விலை கேட்ட மாதிரி இருக்கும். சுராங்கனி மாதிரியான பைலாப் பாட்டுகள் இதற்குப் பரவாயில்லை, அவை பேச்சுக்குக் கிட்ட நிற்கும்.

மெட்டு ஒலியை வளைக்கும் என்பதையும் மறந்துவிடுகிறோம். நேர்சரியில் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பாடும் 'ஆர் யூ ஸ்லீப்பிங்' பாட்டின் மூலம் ஒரு பிரெஞ்சுப் பாட்டு. அதன் முதல் இரண்டு சொற்களும் பாட்டில் 'ஃபிரே-ர ஜா-க' என்று நாலு அசை. பேச்சில் அதே சொற்கள் 'ஃபிரேர் ஜாக்', இரண்டே அசை. சொல்லின் கடைசியில் ஊமையாகக் கிடக்கும் எழுத்துக்குப் பாட்டில் மட்டும் உயிர் வரும். பாட்டில் படித்தபடியே பேசினால் ஒவ்வொரு சொல்லுக்கும் வால் முளைக்கும். ஜப்பானிய மொழியில் 'ஒபசான்' என்றால் மாமி, 'ஒபாசான்' என்றால் பாட்டி. பல்லுக்கும் பாலுக்கும் உள்ள அதே குறில் நெடில்தான். பாடகர் ராகத்துக்காக இழுக்கிற இடத்தில் எது குறில் எது நெடில் என்று கண்டுபிடிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு வரியையும் பாடி முடித்த பிறகு மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பத்திரிகை வாசிப்பது போல வாசியுங்கள். அந்த வசனத்தை யாராவது சாதாரணமாகப் பேசுகிற ஒலிப்பதிவு கிடைத்தால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எந்த ஊர்ப் பாட்டு என்பதும் பார்க்க வேண்டும். சுவிஸில் இருக்கிற சொந்தக்காரர் அனுப்பிய பாட்டைக் கேட்டு ஜேர்மன் சோதினைக்குப் படிக்கக் கூடாது. அங்கே நிறையப் பாட்டு வட்டார மொழியில். சோதினையில் வீடு 'ஹவுஸ்', அந்தப் பாட்டில் 'ஹூஸ்'. ராப் பாட்டும் தொடக்கத்தில் வேண்டாம், மூச்சு வாங்கும்.

பாட்டில் கிடைக்கிற சொற்களையும் ஒருதரம் எண்ணிப் பாருங்கள். நிலா, கண்ணீர், இதயம், இரவு, மழை. எந்த நாட்டுப் பாட்டென்றாலும் இவைதான் சுற்றிச் சுற்றி வரும். ஏ1 சோதினையில் யாரும் இதயத்தைப் பற்றிக் கேட்பதில்லை. உங்களை அறிமுகப்படுத்தச் சொல்வார்கள், ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள், ஒரு அறிவித்தலைப் போட்டுவிட்டு அதில் என்ன சொன்னார்கள் என்று கேட்பார்கள். வாடகை, மருந்துச் சீட்டு, எத்தனை மணி ரயில் என்பதெல்லாம் பாட்டில் வராது.

தங்கச்சி பிறகு முறையை மாற்றினாள். கிழமைக்கு ஒரே ஒரு பாட்டு, அதிலும் ஒரு சரணம். டேட்டா வீணாகாமல் ஒருதரம் இறக்கி வைத்துக்கொள்வாள். திங்கள் கேட்பாள், செவ்வாய் வரியைப் பார்ப்பாள், புதன் மெட்டில்லாமல் வாசிப்பாள், பிறகு ஆளை மாற்றி, சொல்லை மாற்றி, அதே வசனத்தில் தண்ணீர் கேட்பாள், பஸ் கேட்பாள். சனிக்கிழமை அதைக் குரலில் பதிந்து கணவருக்கு அனுப்புவாள். அவர் தொடக்கத்தில் சிரிக்கிற குரலைத்தான் திருப்பி அனுப்பினார். கொழும்புக்குச் சோதினைக்கு இரவு பஸ் ஏறுவதற்கு முதல் கிழமை அவள் போனை வாங்கிப் பார்த்தேன். பாட்டு நாலுதான் மிச்சம். மற்றதெல்லாம் ரயில் நிலைய அறிவித்தல்.