ரைட் கிளிக் மெனுவில் நம் ஃபோல்டரைச் சேர்ப்பது எப்படி?

கேரளத்தின் தமிழ்நாட்டு எல்லைப் பக்கம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் பலருக்கு வீடு இங்கே சித்தூர் தாலுகாவில் இருக்கும், தோப்பு கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும். ஒரே ஆள் இங்கே வில்லேஜ் ஆபீஸில் வரி கட்டிய ரசீதையும் கொண்டுவருவார், அந்தப் பக்கத்துப் பட்டா, சிட்டாவையும் கொண்டுவருவார். ஸ்கேன் செய்ததெல்லாம் வெறும் நம்பர் பெயரோடு டெஸ்க்டாப்பில் வந்து விழும். அதைக் கேரளம், தமிழ்நாடு என்று பிரித்துப் போட, ஒவ்வொரு தடவையும் கட் செய்து, நாலு ஃபோல்டர் உள்ளே புகுந்து பேஸ்ட் செய்துகொண்டிருந்தேன். இப்போது ரைட் கிளிக்கிலேயே முடிகிறது.

இந்த மெனுவில் புதிதாக ஒன்றைச் சேர்க்க, விண்டோஸின் உள் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திறக்கும் வழியும் உண்டு. கற்றுக்கொள்பவர்களுக்கு அது வேண்டாம் என்பேன். தெரியாமல் எதையாவது அழித்துவிட்டால், அதைச் சரிசெய்ய இன்னொருவரைத் தேட வேண்டியிருக்கும். கோப்பை வேறு இடத்துக்கு அனுப்ப, ரைட் கிளிக் மெனுவில் ஏற்கெனவே இருக்கும் ‘செண்ட் டு’ போதும்.

முதலில், கோப்புகள் போய்ச் சேர வேண்டிய ஃபோல்டர்களை உருவாக்கி வையுங்கள். தமிழிலேயே பெயர் வைக்கலாம், மெனுவில் அப்படியே தெரியும்.

அடுத்து, விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். ‘ரன்’ என்ற சின்னப் பெட்டி வரும். அதில் ‘ஷெல்:செண்ட்டு’ என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். ஷெல்லுக்குக் கடைசியில் இரண்டு எல், அப்புறம் முக்காற்புள்ளி, அதன் பிறகு செண்ட் டு என்பதை ஒரே சொல்லாக ஒட்டி ஆறு எழுத்து. நடுவில் எங்கேயும் ஸ்பேஸ் கூடாது. இப்போது ஒரு ஃபோல்டர் திறக்கும். இதற்குள் இருப்பவைதான் அந்த மெனுவில் வரிசையாகத் தெரிகின்றன. இதில் ஒன்றைப் போட்டால் மெனுவில் கூடும், எடுத்தால் குறையும்.

இனி உங்கள் ஃபோல்டரை மவுஸின் வலது பட்டனால் பிடித்து, இந்த ஜன்னலுக்குள் இழுத்து விடுங்கள். விட்டதும் சின்ன மெனு வரும். ‘க்ரியேட் ஷார்ட்கட்ஸ் ஹியர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வழக்கம்போல இடது பட்டனால் இழுத்தால் ஃபோல்டரே உள்ளே போய்விடலாம். நமக்கு வேண்டியது ஷார்ட்கட் மட்டும், அதாவது அந்த ஃபோல்டருக்கு வழிகாட்டும் சின்னக் குறி. பெயரின் கடைசியில் ‘ஷார்ட்கட்’ என்று ஒட்டிக்கொண்டிருந்தால் அழித்துவிடுங்கள். அடிக்கடி தேவைப்படுவது மேலே வர வேண்டுமானால் பெயருக்கு முன்னால் 1, 2 என்று எண் போடலாம். என் கடையில் ‘1 கேரளம்’, ‘2 தமிழ்நாடு’.

சரி, சோதித்துப் பாருங்கள். ஏதாவது ஒரு கோப்பில் ரைட் கிளிக் செய்து, செண்ட் டு போனால் உங்கள் ஃபோல்டர் இருக்கும். 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இல் இது நேராகத் தெரியாது. கீழே உள்ள ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ஸை அழுத்தினால் பழைய மெனு வரும். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் அந்த ஒரு படி மிச்சம். ஒரே சமயத்தில் பத்துக் கோப்புகளையும் அனுப்பலாம், முழு ஃபோல்டரையும் அனுப்பலாம்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். நான் அங்கேதான் விழுந்தேன். பென்டிரைவுக்கு அனுப்பிப் பழகியவர்கள், செண்ட் டு என்றால் காப்பி ஆகும் என்றே நினைத்திருப்போம். வேறு டிரைவுக்குப் போனால்தான் காப்பி. அதே டிரைவுக்குள் என்றால் கோப்பு இடம் மாறிவிடும். பழைய இடத்தில் இருக்காது. டெஸ்க்டாப் பெரும்பாலும் சி டிரைவில் இருக்கும். என் ஃபோல்டரும் அப்போது சி-யில்தான் இருந்தது. ஒரு பெரியவரின் வரி ரசீதை அனுப்பிவிட்டு, அசல் கோப்பு டெஸ்க்டாப்பில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் அந்த மாத ஃபோல்டரைக் காலி செய்தேன், ரீசைக்கிள் பின்னையும் சேர்த்து. அவர் முதலமடையிலிருந்து மறுபடி பஸ் ஏறி வந்தார். திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்தியது.

ஆகவே மெனுவில் ஃபோல்டர் பெயரை அழுத்தும்போது கண்ட்ரோல் கீயைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த டிரைவாக இருந்தாலும் காப்பியே ஆகும். ஷிஃப்ட்டைப் பிடித்தால் இடம் மாறும்.

பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் லேப்டாப்பில் இதைத் தேட வேண்டாம். கேரளப் பள்ளிகளில் ஓடுவது லினக்ஸ், அங்கே வழி வேறு.

வேண்டாத பெயர்களை நீக்க, அதே செண்ட் டு ஃபோல்டரைத் திறந்து ஷார்ட்கட்டை டெலீட் செய்தால் போதும். உண்மையான ஃபோல்டருக்கு ஒன்றும் ஆகாது. நான் முதலில் தூக்கியது ‘ஃபேக்ஸ் ரெசிப்பியன்ட்’டைத்தான். எங்கள் கடையில் ஃபேக்ஸ் மெஷின் மேல் இப்போது ஏ4 பண்டல்கள் அடுக்கியிருக்கின்றன.