காட்டு நடைக்கு நடத்துநர் தேவை: உறுப்பினர்களை நடை நடத்த வைக்கும் முறை

சிட்னியின் மேற்குப் புறநகரில் இயங்கும் ஒரு சிறிய தன்னார்வ நடைக் குழுவில், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை நடை நிரல் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ‘புஷ்வாக்கிங்’ என்று சொல்லப்படும் காட்டு நடை இங்கே பழைய பழக்கம். சிட்னி புஷ்வாக்கர்ஸ் என்னும் சங்கம் 1927-இலேயே தொடங்கிவிட்டது. நடக்க வருபவர்கள் நாற்பது பேர், நடத்திச் செல்பவர்கள் மூன்று பேர் என்ற நிலை இத்தகைய குழுக்களில் அடிக்கடி காணப்படுவது. எங்கள் குழுவில் அந்த மூவரில் ஒருவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது, இன்னொருவர் பேரப்பிள்ளையைப் பார்க்க ஊருக்குப் போனார், மூன்றாமவனான நான் ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து நடத்திவிட்டு எட்டாவது வாரத்தை ரத்து செய்தேன். இன்று எங்களிடம் பதினொரு பேர் நடத்துகிறார்கள். இடையில் நான் செய்தவற்றையும், முதலில் செய்து தோற்றவற்றையும் கீழே எழுதியிருக்கிறேன்.

குழுவைப் பதிவு செய்வது, வங்கிக் கணக்கு தொடங்குவது போன்றவற்றை இங்கே விளக்கப்போவதில்லை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 2009-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஐந்து உறுப்பினர்கள் இருந்தால் போதும். படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவர் இருந்தால் காரியம் முடிந்துவிடும்.

படி 1: பெயரை மாற்றுங்கள்

‘தலைவர்’ என்ற சொல்லை நாங்கள் கைவிட்டோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் மேடையும் மாலையும் நினைவுக்கு வருகின்றன; ஞாயிற்றுக்கிழமை காலையில் பன்னிரண்டு பேரைப் பாறைப் பாதையில் அழைத்துப் போகிறவருக்கு அது பொருந்தாது. அதற்குப் பதிலாக ‘நடத்துநர்’ என்று எழுதத் தொடங்கினோம். தமிழ்நாட்டிலிருந்து வந்த உறுப்பினர்கள், ‘பேருந்து நடத்துநரா?’ என்று சிரித்தார்கள். ஆம், அவரேதான். தலைகளை எண்ணுவதும், பின்படிக்கட்டில் ஒரு கண் வைத்திருப்பதும், கடைசி ஆள் ஏறிய பிறகே விசில் ஊதுவதும்தான் காட்டு நடையிலும் வேலை. முன்னால் வேகமாகப் போவது இந்த வேலையில் சேராது.

படி 2: ஏன் மறுக்கிறார்கள் என்று நடந்துகொண்டே கேளுங்கள்

கூட்டம் போட்டுக் கேட்டால் எல்லோரும் ‘நேரமில்லை’ என்பார்கள். பக்கத்தில் நடந்துகொண்டே கேட்டபோதுதான் உண்மை வெளியே வந்தது. உடல் வலு இல்லை என்று நினைப்பவர்கள் குறைவு. ஆங்கிலம் சரளமாக வராததால், நாற்பது வருடமாக நடக்கும் வெள்ளைக்காரப் பெரியவர்களுக்கு எப்படி வழி சொல்வது என்று கூச்சப்படுபவர்கள் சிலர். ஆனால் பெரும்பாலானவர்களின் பயத்தை யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் ஒரே வரியில் சொன்னார்: “தம்பி, ஆராவது துலைஞ்சு போனா என்ர தலையிலதானே விழும்?”

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளக்கூடாது. நியூ சவுத் வேல்ஸில் 2002-ஆம் ஆண்டுக் குடிமைப் பொறுப்புச் சட்டத்தில் தன்னார்வலர்களுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. சமூக அமைப்பு ஒன்று ஏற்பாடு செய்யும் சமூகப் பணியை நல்லெண்ணத்துடன் செய்யும் தன்னார்வலரைத் தனிப்பட்ட பொறுப்பிலிருந்து அது பொதுவாகக் காக்கிறது. மது அருந்தியிருந்தாலோ, அமைப்பு ஒப்படைத்த வேலையின் வரம்பை மீறினாலோ, அதன் அறிவுறுத்தலுக்கு மாறாக நடந்தாலோ அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. எனவே உங்கள் குழுவின் விதிகளை ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: நிரலில் உள்ள நடையை மட்டுமே நடத்த வேண்டும், வருகிற ஒவ்வொருவரும் ஆபத்தை அறிந்து வருகிறோம் என்ற படிவத்தில் முன்கூட்டியே கையெழுத்திட வேண்டும், பாதையை மனம்போனபடி மாற்றக்கூடாது. நான் வழக்கறிஞன் அல்லன். உங்கள் குழுவுக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதையும் காப்பீட்டின் நிபந்தனைகளையும் உரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஒரு பக்கத்தை அச்சிட்டுக் கையில் கொடுத்த பிறகு அக்காவின் முகத்தில் இருந்த இறுக்கம் பாதி குறைந்ததை நான் பார்த்தேன்.

படி 3: வேலையைத் துண்டு துண்டாகக் கொடுங்கள்

நடத்துவது என்பதை ஒரே மூட்டையாகக் கொடுத்தால் யாரும் தூக்கமாட்டார்கள். முதல் நடையில் முதலுதவிப் பையைச் சுமக்கட்டும். இரண்டாவதில் பாதை பிரியும் இடங்களில் தலை எண்ணட்டும். மூன்றாவதில் கடைசி ஆளாக வரட்டும். நான்காவதில் மதிய உணவு வரை முன்னால் போகட்டும். இந்த நான்கும் முடிந்தவர் ஏறக்குறைய நடத்துநர் ஆகிவிட்டார். அவருக்குத்தான் அது இன்னும் தெரியாது.

படி 4: ஒருவரிடம், ஒரு நடையை, ஒரு தேதியுடன் கேளுங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான். இரண்டு ஆண்டுகள் ஒவ்வொரு காலாண்டும் எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்பினேன்: ‘அடுத்த நிரலுக்கு நடை நடத்த விரும்புவோர் தெரிவிக்கவும்.’ ஒரு பதிலும் வரவில்லை. மின்னஞ்சலை யாரும் படிப்பதில்லை என்று வாட்ஸ்அப்புக்கு மாறினேன். அங்கே கைகூப்பும் படங்கள் மட்டும் வந்தன. கோபத்தில் ஒருமுறை, ‘யாரும் முன்வராவிட்டால் குழுவைக் கலைக்க வேண்டியதுதான்’ என்று எழுதினேன். அதற்குப் பிறகு நடக்க வருபவர்களும் குறைந்தார்கள். ஊருக்குப் பொதுவாகக் கேட்ட கேள்விக்கு ஊரில் ஒருவரும் பதில் சொல்லமாட்டார் என்பது எனக்கு ஏன் அவ்வளவு தாமதமாக உறைத்தது என்று இன்றும் தெரியவில்லை.

மாற்றிக் கேட்ட முதல் நாள், சிட்னிக்கு மேற்கே புளூ மவுண்டன்ஸ் மலைப்பகுதியில் உள்ள கட்டூம்பா ரயில் நிலைய நடைமேடையில் வண்டிக்குக் காத்திருந்தோம். நடை முடிந்து, காலணிச் சேறு காய்ந்து, பிளாஸ்கில் மிச்சமிருந்த தேநீரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த நேரம். அக்காவிடம் இப்படிச் சொன்னேன்: “செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு, ஸ்பிட் பாலத்திலிருந்து மேன்லி வரை. போன வருடம் நீங்கள் வந்த அதே பாதை. கடைசி ஆளாக நான் வருகிறேன். இப்போது பதில் வேண்டாம், புதன்கிழமை அழைக்கிறேன்.” இந்த நான்கு வாக்கியங்களில் ஒன்றைக்கூட விடக்கூடாது. தேதி இல்லாவிட்டால் ‘பார்ப்போம்’ என்பார்கள். தெரிந்த பாதையாக இல்லாவிட்டால் பயப்படுவார்கள். பின்னால் அனுபவசாலி ஒருவர் வருகிறார் என்பது இல்லாவிட்டால் இரவில் தூக்கம் வராது. உடனே பதில் கேட்டால் மரியாதைக்கு ‘சரி’ என்று சொல்லிவிட்டு, முந்தின நாள் காய்ச்சல் என்பார்கள். நடைக்குக் கிளம்பும் முன் கேட்கவே கேட்காதீர்கள். நாள் முழுக்க அதே கவலையுடன் நடப்பார்கள்.

புதன்கிழமை அவர் மறுத்தால், ஏன் என்று குடையாதீர்கள். மூன்று மாதம் கழித்து வேறு நடையுடன் வாருங்கள். எங்கள் பதினொருவரில் நால்வர் முதல் முறை மறுத்தவர்கள்.

படி 5: முதல் நடையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

புதியவருக்கு ஸ்பிட்–மேன்லி பாதையைவிட நல்லது சிட்னியில் இல்லை என்பது என் கருத்து. சுமார் 10 கிலோமீட்டர். தொடங்கும் இடத்துக்குப் பேருந்து, முடியும் இடத்திலிருந்து நகர மையத்தில் உள்ள சர்க்குலர் கீ துறைக்குப் படகு. கிளான்டார்ஃபிலும் ஃபார்ட்டி பாஸ்கெட்ஸ் கடற்கரையிலும் கழிப்பறை உண்டு, யாருக்காவது கால் பிசகினால் வெளியேறித் தெருவுக்குப் போக வழி உண்டு, பெரும்பாலும் அலைபேசித் தொடர்பும் கிடைக்கும்.

புதியவர்கள் தாமாகத் தேர்ந்தெடுப்பதோ வேறாக இருக்கும். தங்களுக்கு மிகவும் பிடித்த, மிகக் கடினமான நடையைச் சொல்வார்கள். ஒருவர் புளூ மவுண்டன்ஸில் பெர்ரிஸ் லுக்டவுன் என்னும் மலைமுனையிலிருந்து, பள்ளத்தாக்கின் அடியில் உள்ள புளூ கம் காட்டுக்கு இறங்க விரும்பினார். 1930-களின் தொடக்கத்தில் அந்த மரங்கள் வெட்டப்படவிருந்தபோது, நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவருக்கு 130 பவுண்டு கொடுத்துக் காப்பாற்றியவர்கள் நடைக் குழுவினர்தான். எனவே அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் அங்கே 600 மீட்டருக்கு மேல் முதலில் இறங்கிவிட்டு, களைத்த பிறகு அதே உயரத்தை ஏற வேண்டும். பாதி வழியில் முடியாதவரை எந்தப் பேருந்தும் வந்து ஏற்றிக்கொள்ளாது. கடைசியில் ஏற்றம் வரும் நடைகளை மூன்றாவது முறைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

படி 6: நேரக் கணக்கைக் கையால் போட வையுங்கள்

ஸ்காட்லாந்துக்காரரான நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். தனியாக நடக்கும் வலுவான ஒருவருக்கு அது சரி. பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்கு, புளூ மவுண்டன்ஸின் படிக்கட்டுகளில், நான் மணிக்கு மூன்று கிலோமீட்டர் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஒன்பது கிலோமீட்டர், 450 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். நெய்ஸ்மித் கணக்கில் இரண்டரை மணி நேரம் வரும். என் கணக்கில் மூன்று மணி நேரமும் முக்கால் மணி நேரமும் சேர்ந்து மூன்றே முக்கால். சாப்பாட்டுக்கும் நிற்பதற்கும் ஒரு மணி நேரம் கூட்டினால் நாலே முக்கால். ஜூன் மாதத்தில் சிட்னியில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. காலை 11 மணிக்குத் தொடங்கினால் முடியும்போது 3.45 ஆகிவிடும், தாமதத்துக்கு ஒரு மணி நேரம்தான் மிஞ்சும். எனவே அப்படிப்பட்ட திட்டத்தை அந்த மாதத்தில் நான் ஏற்பதில்லை.

கருவிகள் பற்றி: 1:25,000 அளவிலான அரசுக் காகித வரைபடம்தான் என் தேர்வு; அதில் 4 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர், விரலாலேயே அளந்துவிடலாம். செயலிகளை நான் வெறுக்கவில்லை. ஆனால் வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்காமல் வந்து, சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில் வெள்ளைத் திரையைப் பார்த்து நிற்பவரை ஒவ்வொரு ஆண்டும் ஒருவராவது பார்க்கிறேன். ‘எமர்ஜென்சி பிளஸ்’ செயலி எல்லோரிடமும் இருக்கட்டும். அவசர உதவி எண்ணான 000-ஐ அழைக்கும்போது, நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை அது காட்டும். சிக்னலே இல்லாத இடங்களுக்கு, செயற்கைக்கோள் வழியே ஆபத்துக் குறியனுப்பும் ‘பிஎல்பி’ கருவி வேண்டும். புளூ மவுண்டன்ஸ் பகுதியில் அதை இலவசமாக இரவல் தரும் திட்டம் இருக்கிறது. பெயர் பதிவுக்கு வாட்ஸ்அப் வேண்டவே வேண்டாம். ‘முயற்சி செய்கிறேன்’ என்று பதில் போட்டவர் வருகிறாரா இல்லையா என்று புதிய நடத்துநர் காலை ஆறு மணிக்குக் குழம்பக்கூடாது. ஒரு கூகுள் படிவமும், வியாழன் இரவு கடைசி நேரமும் போதும்.

படி 7: பாதை பிரியும் இடத்தில் நில்லுங்கள்

புதியவருக்கு ஒரே ஒரு விதியைத்தான் மனப்பாடம் செய்யச் சொல்கிறேன்: பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் கடைசி ஆள் வந்து சேரும் வரை யாரும் நகரக்கூடாது. புளூ மவுண்டன்ஸின் வென்ட்வொர்த் ஃபால்ஸில் நான் இதை மீறியிருக்கிறேன். பாதை தெளிவாக இருக்கிறது, பலகை இருக்கிறது, பின்னால் வருபவர்களுக்குத் தெரியாதா என்று நினைத்துப் போய்விட்டேன். மேலே ஏறி எண்ணியபோது பதினான்கு பேரில் பன்னிரண்டு பேர்தான் இருந்தார்கள். பின்னால் படம் எடுத்துக்கொண்டிருந்த இருவர் கிளைப்பாதையில் போயிருந்தார்கள். ஐம்பது நிமிடம் கழித்து அவர்கள் வேறு வழியாகச் சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். எனக்கு மட்டும் அன்று சாப்பாடு இறங்கவில்லை. பலகையைப் படிக்கத் தெரியாமல் யாரும் தொலைவதில்லை. பேச்சு சுவாரசியத்தில் பலகையைப் பார்க்காமல்தான் தொலைகிறார்கள்.

தொடங்கும் முன் இரண்டு நிமிடம் பேசினால் போதும்: எவ்வளவு தூரம், எங்கே சாப்பாடு, கடைசி ஆள் யார், கழிப்பறைக்கு ஒதுங்கினால் பையைப் பாதையோரத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும். ஆங்கிலத்தில் தயங்குபவர்கள் இதை எழுதிப் படிக்கலாம். அந்தச் செப்டம்பர் நடையை நடத்த ஒப்புக்கொண்ட அக்கா, தன் கைப்பட எழுதிய துண்டுத்தாளைப் படித்தார்; அங்கிருந்த ஒரு பெரியவர், இவ்வளவு தெளிவாக இதுவரை யாரும் சொன்னதில்லை என்றார். மேன்லி போய்ச் சேர்வதற்குள் அக்கா தலைகளை எண்ணியது எத்தனை முறை என்று எனக்கு நினைவில்லை; ஃபேர்லைட் கடற்கரையில் மட்டும் மூன்று முறை எண்ணினார்.

முடிந்த மறுநாளே அழைத்துப் பேசுங்கள். குறையை நீங்கள் சொல்லாதீர்கள், அவரே சொல்வார். முன்னோட்டமாகப் பாதையைப் பார்த்துவரப் போன ரயில் செலவைக் குழுவின் பணத்திலிருந்து கொடுத்துவிடுங்கள்; தொகை சிறியதுதான், ஆனால் கேட்கக் கூச்சப்படுவார்கள்.

பின்சேர்க்கை: இதன் முதல் வடிவத்தைப் படித்த வேறொரு குழுவின் ஒருங்கிணைப்பாளர், புதியவர்கள் நடையை ரத்து செய்யத் துணிவதில்லை என்று எழுதியிருந்தார். எங்களுக்கும் அதே சிக்கல் வந்தது. கடும் வெயில் அறிவிப்பு இருந்தும், ‘எல்லோரும் பெயர் கொடுத்துவிட்டார்களே’ என்று ஒருவர் நடத்தப் பார்த்தார். எனவே முடிவை அவர் தலையில் வைக்காமல் விதியாக்கிவிட்டோம். முந்தின நாள் மாலை 6 மணிக்கு வானிலை முன்னறிவிப்பு 35 டிகிரியைத் தாண்டினாலோ, திறந்தவெளியில் தீ மூட்டக்கூடாது என்னும் முழுத் தீத்தடை அறிவிக்கப்பட்டாலோ, பூங்காத் துறையின் இணையதளத்தில் பாதை மூடப்பட்டதாக இருந்தாலோ நடை இல்லை. அனுப்ப வேண்டிய செய்தியையும் நாங்களே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். நடத்துநர் இடத்தின் பெயரை நிரப்பி அனுப்பினால் போதும்: ‘நாளைய ______ நடை குழுவின் விதிப்படி ரத்து செய்யப்படுகிறது. யாரும் தனியாகவும் அந்தப் பாதைக்குப் போக வேண்டாம். அடுத்த தேதி வியாழக்கிழமை தெரிவிக்கப்படும்.’