மலர்ப் பள்ளத்தாக்குக்கு மழையில் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் இருக்கும் மலர்ப் பள்ளத்தாக்கு ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை திறந்திருக்கும். பூக்கள் மொத்தமாகப் பூத்துக் கிடப்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரைதான். அதாவது கொட்டும் மழையில். பூ வேண்டும், மழை வேண்டாம் என்றால் நடக்காது. அதனால் மழைக்கால இமயமலையைப் பலர் முதன்முதலாகப் பார்ப்பது இந்தப் பாதையில்தான். கிளம்பும் முன் எல்லோரும் எந்த ரெயின்கோட் வாங்கலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நனைவதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. ஆபத்தில் கொண்டுபோய் விடுவது பெரும்பாலும் கையில் இருக்கும் ரிட்டர்ன் டிக்கெட்.

ரிஷிகேஷிலிருந்து, மலைப்பாதை தொடங்கும் கோவிந்த்காட் சுமார் 270 கிலோமீட்டர். பத்து மணி நேரம் என்று சொல்வார்கள், அது வெயில் காலக் கணக்கு. வழியில் ருத்ரபிரயாகைக்கு முன்னால் சிரோபகட், பீப்பல்கோட்டியைத் தாண்டியதும் பாகல் நாலா என்று வருடா வருடம் சரியும் இடங்கள் இருக்கின்றன. மண் சரிந்தால் ஜேசிபி வந்து தள்ள வேண்டும். அது அரை மணி நேரத்திலும் முடியும், இரண்டு நாளும் இழுக்கும். இருட்டிய பிறகு மலைச்சாலையில் வண்டிகளை விடவும் மாட்டார்கள். ஆறு நாளில் எல்லாம் முடித்து ஏழாம் நாள் காலை விமானம் என்று திட்டம் போட்டவர் என்ன செய்வார்? கொட்டுகிற மழையிலும் இறங்குவார், ஓடை பெருகியிருந்தாலும் கடப்பார், டிரைவரிடம் "எப்படியாவது போய்விடலாம் அண்ணா" என்று கெஞ்சுவார். திட்டத்தில் இரண்டு நாள் சும்மா கிடக்கட்டும். ஒன்று மேலே, எல்லோரும் தங்கும் ஊரான காங்கரியாவில், ஒன்று கீழே சாலையில். பள்ளத்தாக்குக்குள் இரவு தங்க அனுமதி கிடையாது. காங்கரியாவிலிருந்து காலையில் போய் மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். பெருமழை என்றால் உள்ளே விடவும் மாட்டார்கள். மேலே வைத்திருக்கும் உபரி நாளின் அருமை அப்போது தெரியும்.

ஆகஸ்டில்தான் லீவு, ஆனால் மழையும் பிடிக்காது என்பவர்கள் பாதையை மாற்றிக்கொள்வது நல்லது. ஹிமாசலின் ஸ்பிதி, லடாக் எல்லாம் மழை மறைவுப் பகுதி. ஹிமாசலின் ஹம்ப்டா கணவாய் ஈரத்துக்கும் வறட்சிக்கும் நடுவில்: குலு பக்கம் ஈரப் பச்சையில் ஏறி, லாஹுல் பக்கம் வறண்ட மலையில் இறங்கலாம். ஆனால் மழை மறைவு என்றால் மழையே இல்லை என்று அர்த்தமில்லை. 2010 ஆகஸ்டில் லே நகரத்தை ஒரே இரவில் மேகவெடிப்பு புரட்டிப்போட்டது.

மேகவெடிப்பு என்றதும் போனில் உள்ள வானிலை ஆப் காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. இருபது முப்பது சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மணி நேரத்துக்குள் 100 மில்லிமீட்டர் கொட்டுவதைத்தான் மேகவெடிப்பு என்கிறார்கள். அவ்வளவு சின்ன இடத்தில் நடப்பதை எந்த ஆப்பும் முன்கூட்டிச் சொல்லாது. இந்திய வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாகக் கொடுக்கும் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கையைப் பாருங்கள். சிவப்பு என்றால் அன்றைக்கு ரூமிலேயே இருங்கள். வழியில் டீக்கடைக்காரரும் கோவேறு கழுதைக்காரரும் "இன்று வேண்டாம்" என்றால் அதற்கு மேல் விவாதம் வேண்டாம்.

ஓடைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பனி உருகி வரும் ஓடையில் காலையில் தண்ணீர் குறைவு, வெயில் ஏற ஏற கூடும். அதனால் காலையிலேயே கடந்துவிடுவது வழக்கம். மழைக்காலத்தில் அதை மட்டும் நம்பக் கூடாது. உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும், மேலே எங்கோ பெய்த மழை கால் மணி நேரத்தில் வந்து சேரும். தெளிவாக ஓடிய தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமானால், குச்சியும் இலையுமாக அடித்து வந்தால், கரையை விட்டு மேலே ஏறுங்கள். இதைவிட மோசமான அறிகுறி ஒன்று உண்டு: ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென்று குறைவது. கடக்க வசதியாகிவிட்டது என்று பலர் அப்போதுதான் இறங்குவார்கள். மேலே சரிவு விழுந்து ஓடையை அடைத்திருக்கலாம். அடைப்பு உடைந்தால் எல்லாம் ஒன்றாக வரும். தண்ணீருக்கு அடியில் கல்லோடு கல் முட்டும் சத்தம் கேட்டாலும் இறங்கக் கூடாது, தண்ணீர் பாறையை உருட்டிக்கொண்டு போகிறது என்று பொருள். கடந்தே ஆக வேண்டுமென்றால் பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடியும். ஷூவைக் கழற்றி வெறுங்காலில் இறங்குவது ஷூவைக் காப்பாற்றும், காலைக் காப்பாற்றாது.

தங்கும் இடமும் அப்படித்தான். தண்ணீர் சத்தம் கேட்கும் ரூம் என்று ஆசைப்பட்டுக் கூடுதல் காசு கொடுப்பார்கள். 2025 ஆகஸ்ட் 5 அன்று கங்கோத்ரி வழியில் தராலி ஊரைக் கீர் கங்கா ஓடை பட்டப்பகலில் அடித்துக்கொண்டு போனது. கூடாரமோ ஓட்டலோ, ஓடையிலிருந்து உயரத்தில் இருக்கட்டும்.

சரிவுப் பகுதியில் நின்று செல்பி எடுக்காதீர்கள். மழை விட்டு வெயில் அடித்தாலும் கல் விழுவது நிற்காது. ஒவ்வொருவராக, மேலே பார்த்தபடி, விறுவிறுவென்று கடந்துவிடுங்கள்.

சரி, இப்போது துணிமணி. ஜீன்ஸும் பருத்தியும் ஒருமுறை நனைந்தால் பிறகு காயாது. அந்த ஈரத்தோடு காற்றில் நின்றால் பத்து டிகிரியிலேயே உடம்பு வெடவெடக்கும். பைக்கு மேலே மாட்டும் ரெயின்கவரை மட்டும் நம்பினால் முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும். பைக்குள்ளே பெரிய குப்பைக் கவர் ஒன்றை விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் வைத்து வாயை முறுக்கிவிட்டால் போதும், ஆற்றில் விழுந்தாலும் நனையாது. ஒரு ஜோடி சாக்ஸ், ஒரு செட் துணி தூங்க மட்டும். காலையில் ஈர சாக்ஸைத் திரும்ப மாட்டுவது கொடுமைதான், ஆனாலும் அந்தக் காய்ந்த ஜோடியைத் தொடக் கூடாது. எவ்வளவு விலையுள்ள வாட்டர்ப்ரூஃப் ஷூவிலும் மேல்வாய் வழியாகத் தண்ணீர் நுழையும். இரவில் உள்ளே செய்தித்தாளைத் திணித்து வையுங்கள். அடுப்பருகே வைத்தால் பசை இளகி, மறுநாள் பாதி வழியில் அடிப்பாகம் வாயைப் பிளக்கும்.

காங்கரியா சுமார் 3,050 மீட்டர் உயரம். அங்கிருந்து ஏறிப் போகும் சீக்கியர்களின் குருத்வாரா ஹேம்குண்ட் சாகிப் 4,000 மீட்டருக்கும் மேலே. ஆறு கிலோமீட்டர்தான், ஆனால் நிற்காத ஏற்றம். நனைந்து ஏறுகிறவருக்குத் தலைவலி வந்தால் "மழையில் நனைந்த சளி" என்று ஒரு மாத்திரையைப் போட்டுவிட்டு மேலே நடப்பார். வாந்தியோ தள்ளாட்டமோ சேர்ந்தால் அது உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய்; உடனே கீழே இறங்க வேண்டும். குளிரில் தாகம் தெரியாது, தண்ணீரும் குடிக்க மாட்டோம். அதுவும் நோயைக் கூட்டும். முதல் நாள் பள்ளத்தாக்கு, மறுநாள் ஹேம்குண்ட் என்று வைத்துக்கொண்டால் உடம்பு கொஞ்சம் பழகியிருக்கும்.

அப்புறம் சின்ன விஷயங்கள். கோவேறு கழுதைகள் எதிரே வந்தால் மலைப் பக்கம் ஒதுங்குங்கள். பள்ளத்தின் பக்கம் நின்றால் மூட்டை இடித்தே தள்ளிவிடும். அவற்றின் சாணமும் மழையும் சேர்ந்த கல்பாதை இறங்கும்போதுதான் வழுக்கும், ஊன்றுகோல் இல்லாமல் இறங்காதீர்கள். மேலே சிக்னல் வரும் போகும். ஜிபேவை நம்பாமல் தங்கல், சாப்பாட்டுக்கான ரொக்கத்தோடு உபரி நாட்களுக்கும் சேர்த்து, கோவிந்த்காட்டுக்கு முன்னால் வரும் ஜோஷிமட்டிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், நோட்டுகளையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி.