ஜெர்மன் தத்துவத்தை ஆங்கிலத்தில் பெயர்ப்பவர்களுக்கு

முதலில் வினைச்சொல்லைத் தேடுங்கள். ஜெர்மன் துணை வாக்கியங்களில் அது கடைசியில்தான் வரும், தமிழில் யோசிப்பவர்களுக்கு இது புதிதல்ல.

அப்புறம் பிரதிப்பெயர்கள். கலைச்சொற்களைவிட இந்தச் சின்னச் சொற்கள்தான் ஆளைக் கவிழ்க்கும். காண்ட் எழுதும் 'ஃபெர்னுன்ஃப்ட்' (பகுத்தறிவு) பெண்பால், 'ஃபெர்ஷ்டாண்ட்' (புரிந்துகொள்ளும் திறன்) ஆண்பால்; அதனால் பின்னால் 'ஸீ' (அவள்) வந்தால் முன்னது, 'எர்' (அவன்) வந்தால் அடுத்தது என்று ஜெர்மன் வாசகர் சட்டென்று பிடித்துக்கொள்வார், ஆனால் ஆங்கிலத்தில் இரண்டுமே 'இட்' ஆகி, எது எதைக் குறிக்கிறது என்றே தெரியாமல் போகும். பெயர்ச்சொல்லையே திரும்ப எழுதிவிடுங்கள். நடை கொஞ்சம் தட்டையானாலும் பரவாயில்லை.

ஹெகலின் 'ஆஃப்ஹேபன்' வேறு மாதிரித் தொல்லை: ரத்து செய்வது, பத்திரப்படுத்துவது, மேலே தூக்குவது, மூன்றும் அதற்குள் இருக்கின்றன. வழக்கமாகப் போடும் 'சப்லேட்' யாரும் பேச்சில் சொல்லாத சொல், எனக்கும் பிடிக்காது, ஆனாலும் மூன்று பொருளும் ஒன்றாக வரும் இடத்தில் அதையே போட்டு ஒரு அடிக்குறிப்பு கொடுப்பதுதான் நேர்மை. வெறும் ரத்து என்றால் 'கேன்சல்' போதும்.

ஹைடெக்கர் 1927இல் வெளியிட்ட முக்கிய நூலின் 1962 ஆங்கிலப் பதிப்பு, 'டாசைன்' (அவரிடம் மனித இருப்பைக் குறிக்கும் சொல்) என்பதை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டது. சரி, அங்கே பொருந்தும். அதைப் பார்த்துவிட்டு காண்டிலும் 'டாசைன்' என்றே விடாதீர்கள், அவரிடம் அது பெரும்பாலும் சாதாரண 'எக்ஸிஸ்டென்ஸ்' (ஒன்று இருப்பது) தான்.