லிவருக்கு மூலிகை எக்ஸ்ட்ராக்ட் எடுக்கப் போறீங்களா? முதல்ல இதைப் பாருங்க

மூலிகைதானே, சைட் எஃபெக்ட் இருக்காதுன்னு நம்பி வாங்கிடாதீங்க. முதல்ல லிவர் எப்படி இருக்குன்னு காட்டுற எல்எஃப்டி ரத்த டெஸ்ட் ஒண்ணு எடுத்து, அதுல வர்ற ஏஎல்டி, ஏஎஸ்டிங்கற ரெண்டு லிவர் என்சைம், பிலிருபின்ங்கற மஞ்சள் நிறமி, இந்த மூணையும் குறிச்சு வைங்க, அப்பதான் பின்னாடி ஏறுச்சா இறங்குச்சான்னு தெரியும்.

அடுத்து லேபிள். மஞ்சள் கேப்ஸ்யூல்னா பொடி எழுத்துல பைப்பரின்னு இருக்கான்னு பாருங்க, அது மிளகுல இருக்கற சமாச்சாரம், மஞ்சள்ல இருக்கற குர்குமின் ரத்தத்துல ஏறுறத பல மடங்காக்கிடும், சமையல் மஞ்சள் வேற இது வேற, இதனால லிவர் கெட்டவங்க நிஜமாவே இருக்காங்க. கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட்ல இருக்கற முக்கிய சத்தான இஜிசிஜி தினம் 800 மில்லிகிராமோ அதுக்கு மேலயோ போனா லிவர் என்சைம் ஏறலாம்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லயே சொல்லிடுச்சு, வெறும் வயித்துல வேண்டவே வேண்டாம்.

மில்க் திஸில் செடியோட விதையிலருந்து எடுக்கற சிலிமரின் பரவால்ல ரகம், பெரும்பாலும் வயித்துக் கோளாறோட நின்னுடும், ஆனா அதை நம்பி ஃபேட்டி லிவருக்கு எடைய குறைக்காம உக்காந்திருந்தா வேஸ்ட்தான்.

ரெண்டு மூணு ஒண்ணா ஆரம்பிக்காதீங்க, எது கடிச்சுதுன்னே தெரியாது. வேற மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டர்ட்ட கேக்காம தொடாதீங்க. மூத்திரம் டிகாஷன் கலர்ல போனாலோ கண்ணு மஞ்சளானாலோ உடம்பு அரிச்சாலோ அன்னிக்கே நிறுத்திட்டு டப்பாவையும் எடுத்துட்டு டாக்டர்ட்ட ஓடுங்க.