குடிவரவுச் சட்டம் மக்கள்தொகையை எப்படி மாற்றியது என்று கணக்கிடுவது எப்படி?

ஐந்து எண்களிலிருந்து தொடங்குங்கள்: ஆண்டுத் தொடக்க மக்கள்தொகை, பிறப்பு, இறப்பு, வந்து தங்கியோர், வெளியேறியோர். கற்பனையாக 1 கோடிப் பேர் உள்ள நாட்டை எடுத்துக்கொள்வோம். ஓராண்டில் 1,10,000 பிறப்பு, 1,00,000 இறப்பு. வந்தவர்கள் 90,000, போனவர்கள் 50,000. இயற்கைப் பெருக்கம் 10,000. நிகரக் குடிவரவு 40,000. ஆக, அந்த ஆண்டின் வளர்ச்சியில் 80 சதவீதம் குடிவரவால் வந்தது. இதே கணக்கை முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குத் தொடர்ந்து போடுங்கள். ஓராண்டு எண்ணை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

எண்களை எடுப்பதற்கு முன், 'குடியேறியவர்' என்று அந்த நாடு யாரைக் கணக்கில் வைக்கிறது என்று பாருங்கள். ஆஸ்திரேலியா பிறந்த நாட்டைப் பார்க்கிறது; ஜப்பான் குடியுரிமையைப் பார்க்கிறது. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டால் ஒப்பீடு பொய்யாகிவிடும். ஜெர்மனியில் 2000க்கு முன், வெளிநாட்டுப் பெற்றோருக்கு அங்கேயே பிறந்த குழந்தையும் வெளிநாட்டவர்தான். 2000 ஜனவரி 1 முதல், பெற்றோரில் ஒருவர் 8 ஆண்டுகள் சட்டப்படி வசித்து, நிலையான வசிப்புரிமையும் பெற்றிருந்தால் குழந்தைக்குப் பிறப்பிலேயே குடியுரிமை கிடைத்தது. ஒருவரும் இடம் பெயராமலே புள்ளிவிவரம் மாறியது.

அடுத்தது சட்டங்களின் காலவரிசை. ஒவ்வொரு சட்டத்துக்கும் மூன்று தேதிகள் வேண்டும்: பேச்சு எழுந்தது, கையெழுத்தானது, நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவின் 1965 அக்டோபர் குடிவரவுச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 1968 ஜூலையில்தான். பிரிட்டனில் 1962இல் காமன்வெல்த் நாட்டவருக்குக் கட்டுப்பாடு வரப்போகிறது என்று தெரிந்ததுமே, கதவு மூடும் முன் போய்விட வேண்டும் என்று கூட்டம் கூட்டமாக வந்தார்கள். எனவே சட்டத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளையும் வரைபடத்தில் சேருங்கள்.

உண்மையான வேலை இனிமேல்தான். மொத்த எண்ணை வேலை, குடும்பம், படிப்பு, புகலிடம் என்று வழிவாரியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு வழிக்கும் மூன்று கேள்விகள்: ஆண்டு வரம்பு எவ்வளவு? மனைவி, கணவர், பிள்ளைகளை அழைத்து வரலாமா? தற்காலிக விசா நிரந்தர வசிப்புரிமையாக மாறுமா? வரம்பைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் மக்கள்தொகையின் முகத்தை மாற்றுபவை பின்னிரண்டும்தான்.

ஜெர்மனி 1955இல் இத்தாலியுடனும் 1961இல் துருக்கியுடனும் ஒப்பந்தம் போட்டுத் தொழிலாளர்களை வரவழைத்தது. 1973 நவம்பரில் ஆள் எடுப்பதை நிறுத்தியது. போனால் திரும்ப வர முடியாது என்பதால் பலர் அங்கேயே தங்கினார்கள், குடும்பத்தையும் அழைத்துக்கொண்டார்கள். வெளிநாட்டவர் எண்ணிக்கையைக் குறைக்க எடுத்த முடிவு நிரந்தரக் குடியிருப்பை வளர்த்தது. கத்தாரில் குடும்பத்தை அழைத்து வரும் உரிமை பெரும்பாலான தொழிலாளர்களுக்கு எட்டாதது. அங்கே மக்களில் சுமார் முக்கால் பங்கு ஆண்கள். அமெரிக்காவில் 1924 சட்டம், 1890 கணக்கெடுப்பில் ஒவ்வொரு நாட்டிலிருந்து வந்து இருந்தோர் எண்ணிக்கையில் 2 சதவீதத்தை ஆண்டு வரம்பாக வைத்தது. ஆசியர்களுக்குக் கதவு ஏறக்குறைய மூடியே இருந்தது. 1965 சட்டம், பழைய கணக்கெடுப்பை வைத்து நாடுகளுக்கு வரம்பு போடும் முறையை எடுத்துவிட்டுக் குடும்ப உறவுக்கு முன்னுரிமை தந்தது. சட்டத்தை ஆதரித்தவர்கள் பெரிய மாற்றம் வராது என்றார்கள். ஆனால் அதன்பின் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆசியாவையும் லத்தீன் அமெரிக்காவையும் சேர்ந்தவர்கள். வெளிநாட்டில் பிறந்தோரின் பங்கு 1910இல் 14.7 சதவீதம், 1970இல் 4.7, 2010இல் 12.9.

பிறகு ஐந்தாண்டு வயதுப் பிரிவுகளாக ஆண், பெண் எண்ணிக்கையை வரையுங்கள். 20 முதல் 39 வயதில் ஆண்கள் பக்கம் மட்டும் புடைத்திருந்தால் அது வேலை விசாவின் தடம். பிறப்புகளைத் தாயின் பிறந்த நாட்டுவாரியாகவும் பிரித்து வையுங்கள். வந்தவர்களுக்கும் வயதாகும் என்பதை மறக்காதீர்கள். முதுமையடையும் நாட்டைக் குடிவரவால் மட்டும் இளமையாக வைத்திருக்க, வருவோர் எண்ணிக்கை கூடிக்கொண்டே போக வேண்டும்.

தவறுகள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் நேரும். அமெரிக்காவில் 1991இல் நிரந்தர வசிப்புரிமை பெற்றோர் 18 லட்சத்தைத் தாண்டினர்; 1986 சட்டப்படி பொதுமன்னிப்புப் பெற்று ஏற்கெனவே அங்கே வாழ்ந்தவர்களே அதில் பெரும்பகுதி. அதைப் புதிய வருகை என்று எழுதினால் முழுக் கணக்கும் கோணும். இரண்டாவது, பயணிகளிடம் மாதிரிக் கருத்தெடுத்துக் கிடைத்த எண்கள். பிரிட்டன் 2011 கணக்கெடுப்புக்குப் பிறகு, முந்தைய பத்தாண்டின் நிகரக் குடிவரவை மொத்தம் 3,46,000 உயர்த்தித் திருத்த வேண்டியதாயிற்று.

வெளியேறியோர் பதிவே இல்லையென்றால் மீதி முறையைப் பயன்படுத்தலாம். முதல் கணக்கெடுப்புடன் பிறப்பைக் கூட்டி, இறப்பைக் கழித்து, கிடைக்கும் விடையை இரண்டாம் கணக்கெடுப்பிலிருந்து கழியுங்கள். மிஞ்சுவது நிகரக் குடிவரவு. இரண்டாம் கணக்கெடுப்பில் மட்டும் 1 சதவீதம் பேர் விடுபட்டிருந்தால், 1 கோடிப் பேர் உள்ள நாட்டில் 1 லட்சம் பிழை அப்படியே இந்த எண்ணில் வந்து விழும். ஆகவே, கணக்கெடுப்புக்குப் பின் நடத்தும் சரிபார்ப்பு ஆய்வின் விடுபடல் விகிதத்தைப் பார்த்துத் திருத்திய பிறகே கழியுங்கள்.